அம்மா எல்லாவற்றுக்கும் 0 என்று பதிவது பற்றி

அன்புள்ள சகோதரிக்கு,

கனடாவின் ஒன்ராறியோவில் புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெறும் உங்கள் அம்மா, உண்மையைச் சொன்னால் சிகிச்சையை நிறுத்திவிடுவார்களோ என்று அஞ்சி, மருத்துவமனைத் திரையில் எல்லா அறிகுறிகளுக்கும் 0, அதாவது தொல்லை இல்லை, என்றே பதிவதாக எழுதியிருந்தீர்கள். அந்த அச்சம் இயல்பானதே. ஆயினும் அந்தத் திரையில் வரும் எட்மன்டன் அளவுகோல் என்ற அறிகுறிப் படிவம் வலி, சோர்வு, குமட்டல், மூச்சுத்திணறல், மனக்கவலை முதலியவற்றுக்கு 0 முதல் 10 வரை எண் கேட்பது துன்பத்தை உரிய நேரத்தில் தணிப்பதற்காகத்தான் என்பதை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் 766 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வில், கணினி வழியே அறிகுறிகளைத் தெரிவித்து வந்தவர்கள் சராசரியாக 8.2 மாதங்களும், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்கள் 6.3 மாதங்களும் கீமோதெரபியைத் தொடர்ந்தனர். அம்மா அஞ்சுவதற்கு நேர்மாறான முடிவு இது.

அந்தப் படிவம் ‘இப்போது’ எப்படி இருக்கிறது என்றே கேட்பதால் இரவில் வரும் வலி விடுபட்டுப்போகலாம். அதை ஒரு தாளில் குறித்து, செவிலியரிடம் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். அம்மா பதிந்த எண்களைப் பார்த்தீர்களா என்று அவரிடம் கேட்கவும் தயங்க வேண்டாம். காய்ச்சல் வந்தால் மட்டும் அடுத்த வருகைவரை காத்திராமல் உடனே தொலைபேசியில் அழையுங்கள்.