டிரையத்லானுக்காக சைக்கிளில் இன்னும் தாழ்வாகக் குனிந்து ஓட்ட என்ன செய்ய வேண்டும்?

"ஏரோ பார் மாட்டிவிட்டேன், ஹேண்டில்பாரை இன்னும் எவ்வளவு இறக்கலாம்?" என்று உங்கள் கேள்வி முடிகிறது. அந்தக் கடைசி வரிதான் என்னை எழுத வைத்தது. (ஏரோ பார் என்பது முழங்கைகளை ஊன்றி, கைகளை முன்னால் நீட்டிக் குனிவதற்கு ஹேண்டில்பாரில் பூட்டும் கம்பி.) சில ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியோடு கடை கடையாக அலைந்தவள் நான். இறக்கச் சொன்னார்கள், இறக்கினேன், கோவா போட்டியில் அதன் பலனை அனுபவித்தேன்.

நான் பயிற்சியாளர் அல்ல. வங்கியில் வேலை செய்கிறேன், வயது 43, உயரம் 157 செ.மீ. ஐந்து அரைத்தூர டிரையத்லான்களை (நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21 கி.மீ. ஓட்டம், மூன்றும் அடுத்தடுத்து) முடித்திருக்கிறேன், எதிலும் பரிசு வாங்கியதில்லை. பரிசு வாங்கியவர்கள் வேறு சொல்லலாம், அவர்கள் உடம்புக்கு அது சரியாகவும் இருக்கலாம். என் உடம்பில் நடந்ததைத்தான் எழுதுகிறேன். நீங்களும் என்னைப் போல சாதாரண ரோடு பைக்கில் (வளைந்த ஹேண்டில் உள்ள சாலை சைக்கிளில்) ஏரோ பாரைப் பூட்டியவர் என்றும், அலுவலகம் போய்க்கொண்டே பயிற்சி செய்பவர் என்றும் எடுத்துக்கொள்கிறேன்.

தாழ்வாக இருந்தால் வேகம் என்ற எண்ணமே தவறு என்று நான் சொல்லவில்லை. சமதரையில் 30 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் நம் உழைப்பின் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. அந்தக் காற்றை மறிப்பதில் சைக்கிளைவிட நம் உடம்புக்கே பெரிய பங்கு. வேகத்தைப் பத்து சதவீதம் கூட்ட, காற்றுக்கு எதிராகச் செலவிடும் சக்தியை மூன்றில் ஒரு பங்கு கூட்ட வேண்டியிருக்கிறது. 1989 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் கடைசி நாளில் கிரெக் லெமாண்ட் 50 நொடி பின்தங்கியிருந்தார். ஏரோ பாரில் கைகளை நீட்டிக் குனிந்து 24.5 கி.மீ. ஓட்டி, மொத்தப் போட்டியை 8 நொடியில் வென்றார். அந்த ஏரோ பாரை அவருக்கு முன்பே பயன்படுத்தியவர்கள் டிரையத்லான்காரர்கள்தான். ஆனால் லெமாண்ட் அன்று அரை மணி நேரம்கூடக் குனிந்திருக்கவில்லை, இறங்கியபின் அவர் ஓடவும் வேண்டியிருக்கவில்லை. நமக்கு 90 கி.மீ. ஓட்டி முடித்தபின் 21 கி.மீ. ஓட்டம் காத்திருக்கிறது.

நான் போன கடையின் பெயர் வேண்டாம். சைக்கிளை டிரெய்னரில் (நின்ற இடத்திலேயே ஓட்ட உதவும் தாங்கியில்) ஏற்றி என்னை ஓட்டச் சொன்னார்கள். பொருத்திக் கொடுத்த இளைஞர் கைப்பேசியில் ஒரு வெளிநாட்டுத் தொழில்முறை வீரரின் படத்தை வைத்துக்கொண்டு, ஹேண்டில்பாருக்குக் கீழே இருந்த ஸ்பேசர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மேசையில் அடுக்கினார். நான்கு கருப்பு வளையங்கள். முதுகு தரைக்கு இணையாக வந்துவிட்டது என்று பக்கவாட்டில் படம் எடுத்துக் காட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. "வசதியாக இருக்கிறதா மேடம்?" என்று கேட்டார். ஐந்து நிமிடம் ஓட்டியிருந்தேன். இருக்கிறது என்றேன். எங்கே அழுத்துகிறது, எங்கே மரத்துப்போகிறது என்று அவர் கேட்கவில்லை. ஓர் இளைஞரிடம் அதைச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

கோவாவில் மிராமார் கடற்கரையில் நீந்தி முடித்து சைக்கிளில் ஏறியபோது நன்றாகவே இருந்தேன். முதல் 35 கி.மீ. ஏரோ பாரில்தான் இருந்தேன். அதற்குள் முன்பக்கம் மரத்துப்போய்விட்டது. சாலையைப் பார்க்கத் தலையை நிமிர்த்தி நிமிர்த்திப் பிடரியில் ஆணி அடித்ததுபோல் வலி. பெடல் மேலே வரும் ஒவ்வொரு சுற்றிலும் தொடை வயிற்றில் இடித்தது. மூச்சை ஆழமாக இழுக்க முடியவில்லை, சக்திக்காக விழுங்கிய ஜெல் தொண்டையிலேயே நின்றது. 50 கி.மீ.க்குப் பிறகு எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மீதி தூரம் முழுவதும் நெஞ்சைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டுதான் போனேன். கால் தரையில் படட்டும் என்று இரண்டு இடங்களில் இறங்கியும் நின்றேன். சைக்கிளுக்கு 3 மணி 24 நிமிடம். ஓட்டத்தில் பாதியை நடந்தேன், 2 மணி 52 நிமிடம். இரவு விடுதியில் குளிக்கும்போது தண்ணீர் பட்டதும் கத்திவிட்டேன். வீங்கித் தோல் உரிந்திருந்தது. அதைக் கணவரிடம் சொல்லவே எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

சென்னை திரும்பிய பிறகு எங்கள் குழுவில் மூத்தவரான ஓர் அக்கா கோவளத்தில் தேநீர் குடிக்கும்போது நேராகவே கேட்டார்: "நீ இந்தக் கால்சட்டைக்குள் உள்ளாடை போடுகிறாயா?" போடுகிறேன் என்றேன். "முதலில் அதை நிறுத்து. தையல் இருக்கும் இடமெல்லாம் அறுக்கும். அப்புறம் இந்த சீட்டைத் தூக்கிப் போடு." இத்தனை மாதம் யாரும் சொல்லாததை அவர் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டார். இதை வெட்கப்படாமல் எழுதுகிறேன். படிக்கும் பெண்களில் ஒருவருக்காவது இது தெரியாமல் இருக்கும்.

விஷயம் இதுதான். நிமிர்ந்து ஓட்டும்போது இரண்டு உட்காரும் எலும்புகள் எடையைத் தாங்குகின்றன. ஏரோ பாரில் குனியும்போது இடுப்பு முன்னால் உருள்கிறது. எடை அந்த எலும்புகளை விட்டு முன்பக்கத்துக்கு, நரம்பும் மென்சதையும் உள்ள இடத்துக்கு வந்துவிடுகிறது. ஆண்களுக்கும் இதே கதைதான், அவர்களும் வெளியே சொல்வதில்லை. ரோடு பைக் சீட்டின் நீண்ட கூரிய மூக்கு இதற்காகச் செய்யப்பட்டதல்ல. மூக்கு குட்டையாக, நடுவில் பிளந்து இருக்கும் சீட் தனியாகக் கிடைக்கிறது. அதைத்தான் முதலில் மாற்றினேன், மூக்கைக் கடுகளவு கீழே சாய்த்தேன். அதுவரை வேறு எதையும் தொட வேண்டாம் என்று அக்கா சொல்லியிருந்தார். சீட் வலிக்கும்போது உடம்பு தானாகப் பின்னால் நழுவும், அப்படி நழுவிய உடம்பை வைத்து எடுக்கும் அளவு எதற்கும் உதவாது.

பிறகு சீட்டை முன்னால் தள்ளினேன். ரோடு பைக்கில் சீட் தாங்கும் குழாய் ஏறக்குறைய 73 டிகிரி சாய்வில் இருக்கும். டிரையத்லான் சைக்கிளில் அது 76, 78, சிலவற்றில் 80 வரை நிமிர்ந்திருக்கும். உடம்பு முழுவதும் முன்னால் சுழன்று வருவதால், முதுகு தாழ்ந்தாலும் தொடைக்கும் வயிற்றுக்கும் நடுவே இடம் மிஞ்சுகிறது. ரோடு பைக்கில் ஓரளவுக்குத்தான் இப்படித் தள்ள முடியும். அதற்கு மேல் போனால் முன் சக்கரத்தில் எடை கூடி ஹேண்டில் துள்ளும், வளைவுகளில் பயமாக இருக்கும். சீட்டை முன்னால் கொண்டுவந்தால் பெடலும் கிட்டே வந்துவிடுவதால் கொஞ்சம் உயர்த்தவும் வேண்டும்.

அடுத்து கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் கை. என் உயரத்துக்கு 170 மி.மீ. கிராங்க் கொடுத்து விற்றிருந்தார்கள். 160க்கு மாறினேன், சீட்டை அதே 10 மி.மீ. உயர்த்தினேன். கால் மேலே வரும்போது முட்டி முன்பைவிட 20 மி.மீ. குறைவாக நெஞ்சை நோக்கி வருகிறது. தொடை வயிற்றில் இடிப்பது அன்றோடு நின்றது. இந்தியக் கடைகளில் குள்ளமான பெண்ணுக்கு ஏற்ற சைக்கிளைக் கேட்டுப் பாருங்கள், அப்போது என் கோபம் புரியும்.

கடைசியாகத்தான் உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஹேண்டில்பாரை நான் இறக்கவில்லை, ஏற்றினேன். முழங்கை வைக்கும் மெத்தைகள் பழைய இடத்தைவிட 25 மி.மீ. உயர்ந்தன. முன்கைகளும் சற்றே மேல்நோக்கிச் சாய்ந்தன, உள்ளங்கைகள் முகத்துக்கு முன்னால் வந்தன. இப்போது தோள்களைக் காதோடு சேர்த்துக் குறுக்கி, தாடையைக் கைகளுக்குப் பின்னால் மறைத்துக்கொள்ள முடிந்தது. மிகத் தாழ்வாக இருந்தபோது சாலை தெரிவதற்காகத் தலையைத் தூக்கியே ஆக வேண்டியிருந்தது. முதுகில் மிச்சம் பிடித்த காற்றைத் தலையில் வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கவாட்டுப் படத்தில் இது தெரியாது. கைப்பேசியை முன்னால் வைத்து எடுத்த படத்தில்தான் தெரிந்தது.

காற்றுச் சுரங்கத்தில் சோதித்தாயா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. என்னிடம் இருப்பது, மிதிக்கும் சக்தியை வாட்டில் அளக்கும் பவர் மீட்டர் ஒன்றுதான். காற்று அசையாத ஒரு விடியற்காலையில், வண்டிகள் வராத 3 கி.மீ. சாலையில், 120 வாட்டைப் பிடித்துக்கொண்டு போய்த் திரும்பினேன். ஒவ்வொரு நிலைக்கும் மூன்று முறை, அதே உடை, டயரில் அதே காற்று. பழைய தாழ்ந்த நிலையில் சராசரி 12 நிமிடம் 4 நொடி, உயர்த்திய நிலையில் 12 நிமிடம் 1 நொடி. மூன்று நொடியை நான் கணக்கில் எடுக்கவில்லை, ஒரு வண்டி கடந்தாலே அது மாறிவிடும். ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டியபோது 12 நிமிடம் 50 நொடி ஆனது. உயர்த்தியதால் நான் எதையும் இழக்கவில்லை, குனிய முடியாமல் எழுந்து உட்கார்ந்த நேரத்தில்தான் எல்லாவற்றையும் இழந்திருக்கிறேன். மறு ஆண்டு கோவாவில் திருப்பங்களையும் தண்ணீர் வாங்கும் இடங்களையும் தவிர முழுத் தூரமும் ஏரோ பாரிலேயே இருந்தேன். 3 மணி 6 நிமிடம். ஓட்டம் 2 மணி 21 நிமிடம், ஓர் அடிகூட நடக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. ஏரோ பாரில் இருக்கும்போது கைக்குப் பிரேக் எட்டாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு தாண்டியதும் மோட்டார் பைக்கில் வரும் இளைஞர்கள் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு வருகிறார்கள். ஒருவன் ஓட்டுவான், பின்னால் இருப்பவன் கைப்பேசியில் படம் பிடிப்பான். "அக்கா, இந்த சைக்கிள் எவ்வளவு?" என்று கத்துவார்கள். சென்ற மாதம் ஒருவன் என் முழங்கையைத் தொட்டுப் பார்த்தான். 30 கி.மீ. வேகத்தில். அன்று கீழே விழாதது என் நல்ல நேரம். அதைக் கண்டித்து எழுதினால், பெண்ணுக்கு இருட்டில் சாலையில் என்ன வேலை என்று கேட்க நான்கு பேர் வருகிறார்கள். நான் இருட்டில் போவதே வெயில் ஏறுமுன் வீடு திரும்பி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதற்காக.

அதனால் தனியாக இருந்தால் கைகளைப் பிரேக்கின் மேல் வைத்தே ஓட்டுங்கள். ஏரோ பாரில் கிடந்து பழகுவதை வீட்டு டிரெய்னரில் வைத்துக்கொள்ளுங்கள். முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் படம் எடுங்கள், ஆனால் ஐந்தாவது நிமிடத்தில் எடுக்காதீர்கள். எண்பதாவது நிமிடத்தில் உங்கள் தலையும் தோளும் இடுப்பும் எங்கே இருக்கின்றன என்று பார்த்துவிட்டு ஆலன் கீயைக் கையில் எடுங்கள். ஒரு முறைக்கு ஒரு மாற்றம், 5 மி.மீ.க்கு மேல் வேண்டாம். கழற்றும் ஸ்பேசர்களைத் தொலைத்துவிடாதீர்கள். என்னுடைய நான்கையும் அந்தக் கடை மேசையிலேயே விட்டுவிட்டு வந்து, பிறகு காசு கொடுத்துத்தான் வாங்கினேன்.

சீட் பற்றிப் பொதுவில் கேட்கத் தயங்கும் பெண்கள் எனக்குத் தனியாக எழுதலாம். எந்தக் கேள்வியானாலும் பதில் சொல்வேன்.