நீர்க்கடுப்பு, கிருமி, கல்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

புதுச்சேரியில் ஒரு ஆய்வகத்தில் யூரின் கல்ச்சர் (சிறுநீரில் என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) பார்ப்பது என் வேலை. நம் குழுவில் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, அம்மா கடலூர் துறைமுகத்தில் மீன் விற்கிறார். வெயில் காலம் வந்தாலே நீர்க்கடுப்பு. உடம்புச் சூடுதானே?

சூடு மட்டும் இல்லை தம்பி. கழிப்பறைக்குப் போக வழியில்லை என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பார், வந்ததையும் அடக்குவார். சிறுநீர் அடிக்கடி போனால் கிருமியையும் அடித்துக்கொண்டு போய்விடும். தேங்கினால் பெருகும். பெரும்பாலும் இது ஈ.கோலை, நம் குடலிலேயே இருப்பது. மெல்லிய இழைகளால் சிறுநீர்ப்பையின் உள்சுவரைப் பிடித்துக்கொள்ளும். பெண்களுக்குச் சிறுநீர்த் தாரை, அதாவது சிறுநீர் வெளியேறும் குழாய், சுமார் 4 செ.மீ.தான், அதனால் கிருமி சுலபமாக மேலே ஏறிவிடுகிறது. வேலை செய்யும் இடத்தில் சுத்தமான கழிப்பறை கேட்டு வாங்குங்கள். அதுவும் வைத்தியம்தான்.

மனைவிக்கு மாத்திரை முடிந்த சில வாரத்தில் மறுபடி தொற்று. ஸ்கேனில் கல் என்கிறார்கள். கல்லால் கிருமியா, கிருமியால் கல்லா? (நெல்லிக்குப்பம்)

இரண்டும் நடக்கும் அண்ணா. கல்ச்சர் ரிப்போர்ட்டில் கிருமியின் பெயரைப் பாருங்கள். புரோட்டியஸ் என்று இருந்தால் டாக்டரிடம் அழுத்திச் சொல்லுங்கள். அது யூரியேஸ் என்ற நொதியைச் சுரந்து, சிறுநீரிலுள்ள யூரியாவை அம்மோனியாவாக உடைக்கிறது. சிறுநீர் காரமாகிறது, அதாவது அதன் அமிலத்தன்மை போய்விடுகிறது. அப்போது மெக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் மூன்றும் சேர்ந்து ஸ்ட்ரூவைட் கல்லாகப் படியும். வேகமாக வளர்ந்து, மான் கொம்பு மாதிரி கிளைவிட்டுச் சிறுநீரகத்தையே அடைத்துவிடும். கிருமி அந்தக் கல்லுக்குள்ளேயே இருக்கிறது. மாத்திரை சிறுநீரில் மிதப்பதைக் கொல்லும், உள்ளே இருப்பது தப்பிவிடும். திரும்பத் திரும்ப வருவது இதனால்தான். துணுக்குகூட மிச்சம் வைக்காமல் கல்லை எடுக்க வேண்டும். எடுத்த கல்லைச் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள், இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

என்னுடையது கால்சியம் ஆக்சலேட் கல். அதுவும் கிருமி வேலையா?

பொதுவாக இல்லை. அதிகம் பேருக்கு வருவது இந்த வகைதான். நாளைக்கு 2.5 லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடியுங்கள், உப்பைக் குறையுங்கள்.

மெடிக்கலில் சிட்ரேட் சிரப் தருகிறார்கள். வாழைத்தண்டுச் சாறும் குடிக்கிறேன். சரியா?

வாழைத்தண்டைப் பொரியலாகச் சாப்பிடுங்கள், வைத்தியமாக நம்பி நாளைக் கடத்தாதீர்கள். சிரப் சிறுநீரை மேலும் காரமாக்கும். தொற்றால் வந்த கல்லுக்கு அது எதிர்வேலை செய்யலாம். எந்தக் கல் என்று தெரியாமல் நீங்களாக வாங்கிக் குடிக்காதீர்கள்.

இரண்டு நாளில் எரிச்சல் போய்விட்டது. மாத்திரையை நிறுத்தலாமா?

வேண்டாம். டாக்டர் சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள்.

கல் இருக்கிறது, இன்று குளிர்ஜுரமும் விலாவலியும். காலையில் போனால் போதுமா?

போதாது. அடைப்புக்குப் பின்னால் சீழ் கட்டினால், கிருமி ரத்தத்தில் கலக்கச் சில மணி நேரம் போதும். ஜிப்மரோ, கடலூர் அரசு தலைமை மருத்துவமனையோ, எது பக்கமோ அங்கே அவசரப் பிரிவுக்கு இப்போதே கிளம்புங்கள். பழைய ஸ்கேனையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.