ஏரிக்கரைப் படங்களும் லட்ச ரூபாய் லென்ஸும்

கேள்வி: காட்பாடியில் வசிக்கிறேன். கேனான் 1500டி கேமராவும், அதோடு வந்த 18-55, 55-250 மி.மீ. லென்ஸ்களும் இருக்கின்றன. ஞாயிறுதோறும் காலை எட்டரை மணிவாக்கில் கழிஞ்சூர் ஏரிக்கோ பாலாற்றுப் பக்கமோ போய்ப் பறவைகளைப் படமெடுக்கிறேன். கொக்குகள் வெறும் வெள்ளைத் திட்டாக விழுகின்றன. தூரத்துப் பறவைகள் எப்போதும் மங்கல். லட்ச ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். 150-600 லென்ஸ் வாங்கினால் சரியாகிவிடுமா?
– ஒரு வாசகர், காட்பாடி

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளும் லென்ஸால் வந்தவை அல்ல.

முதலில் மங்கல். எட்டரை மணிக்குள் நம் ஊர் வெயிலில் ஆற்று மணலும் பாறையும் சூடேறத் தொடங்கிவிடும். மணலை ஒட்டிய காற்று சூடாகி எழும்பும்போது, சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைக்கும். கண்ணுக்குக் கானலாகத் தெரிவது இதுதான். கண்ணுக்குத் தெரியாத அளவில் இருந்தாலும் கேமராவுக்குத் தெரியும். 600 மி.மீ. லென்ஸ் பறவையைப் பெரிதாக்கும்போது இந்த நெளிவையும் சேர்த்தே பெரிதாக்கும். சந்தேகமிருந்தால், எதிர்க்கரையிலுள்ள அசையாத ஒரு கல்லைக் காலை ஆறே முக்காலுக்கும் ஒன்பதுக்கும் ஒரே இடத்திலிருந்து எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆகவே நேரத்தை மாற்றுங்கள். வேலூரில் ஜனவரியில் சூரியன் 6.40 வாக்கிலும் ஜூனில் 5.45 வாக்கிலும் உதிக்கும். அதற்குக் கால் மணி முன்பே கரையில் இருங்கள். உதித்த பிறகு ஒன்றரை மணி நேரம்தான் நல்ல வெளிச்சம். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். அதாவது, காலையில் ஏரியின் கிழக்குப் பக்கம், மாலையில் மேற்குப் பக்கம்.

அடுத்து, வெள்ளைத் திட்டு. படச் சட்டம் (ஃப்ரேம்) முழுவதையும் சராசரி வெளிச்சத்துக்குக் கொண்டுவரவே கேமரா முயலும். கரும்பச்சைத் தண்ணீருக்கு நடுவே சிறியதாக ஒரு கொக்கு நின்றால், தண்ணீரை வெளுக்கவைக்கும் வேகத்தில் கொக்கின் இறகு வரிகள் அழிந்துபோகும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை −1க்கு இறக்குங்கள்; வெயில் ஏறினால் இன்னும் சற்று. எடுத்த படத்தை ஹிஸ்டோகிராமுடன் (வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடம்) திரையில் பாருங்கள். கொக்கின் மேல் கறுப்பாக மின்னும் இடங்களில் விவரம் போய்விட்டது என்று பொருள். இந்த −1ஐயே எல்லாப் படத்துக்கும் வைத்துவிடக் கூடாது. கொக்கு சட்டத்தையே நிறைத்தால் சுழியத்துக்குத் திரும்புங்கள். வானத்தை முதுகில் வைத்துப் பறக்கும் பறவைக்கு +1 தேவைப்படும். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் 'ரா' கோப்பாகவே எடுங்கள்; கணினியில் கொஞ்சம் மீட்கலாம். ஆனால் முழுக்க வெளுத்துப்போன இறகு எதிலும் திரும்பாது.

மங்கலுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம்: ஷட்டர் வேகம். உங்கள் கேமராவில் ஒளியைப் பதியும் சென்சார் சிறியது. 250 மி.மீ.யில் அது 400 மி.மீ. அளவுக்குக் குறுகிய காட்சியைத் தரும். கை நடுக்கமும் அதே அளவுக்குப் பெரிதாகும். லென்ஸிலுள்ள ஸ்டெபிலைசர் கை நடுக்கத்தை அடக்கும், பறவையின் அசைவை அடக்காது. டயலை டிவி-யில் (Tv: ஷட்டர் வேகத்தை நீங்களே தீர்மானிக்கும் முறை) வைத்து, உட்கார்ந்த பறவைக்கு 1/500 விநாடி, பறப்பதற்கு 1/1000க்குக் குறையாமல் கொடுங்கள். ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்கு சென்சாரின் உணர்திறன்) ஆட்டோவில் விட்டு, உச்சவரம்பை 3200 ஆக்குங்கள். அபெர்ச்சர் (லென்ஸ் திறப்பு) எண் மின்னினால் அந்த வேகத்துக்கு வெளிச்சம் போதவில்லை. ஐஎஸ்ஓ ஏறிப் புள்ளிப் புள்ளியாக வந்த படத்தைச் சுத்தம் செய்யலாம், ஆடிப்போன படத்தைச் செய்ய முடியாது. ஃபோகஸுக்கு, அசையும் பறவையைத் தொடரும் ஏஐ சர்வோ, ஒன்பது புள்ளிகளில் நடுப்புள்ளி மட்டும், அதுவும் பறவையின் கண்மேல். 'ரா'வில் பொத்தானை அழுத்திப் பிடித்தால் இந்தக் கேமரா சீக்கிரமே திணறி நின்றுவிடும். இரண்டு மூன்றாக விட்டுவிட்டு அழுத்துங்கள்.

எட்டாத தூரத்துக்கு வழி, கிட்டப் போவதுதான். கரைமேல் நிமிர்ந்து நேராக நடந்தால் எல்லாம் எழும்பிவிடும். சரிவில் இறங்கி, பறவையைப் பார்க்காததுபோல் குறுக்காக நகர்ந்து, உட்கார்ந்துவிடுங்கள். தண்ணீர் மட்டத்துக்குக் கேமரா இறங்கினால் பின்னணியும் தெளிவில்லாமல் கலங்கி அழகாக விழும். முக்குளிப்பான் தண்ணீருக்குள் மூழ்கியதும் நாலு அடி நகருங்கள், மேலே வந்ததும் சிலையாகிவிடுங்கள். வெண்மார்பு மீன்கொத்தி பறந்துபோனால் துரத்த வேண்டாம், பெரும்பாலும் அதே கம்புக்குத் திரும்பி வரும். பறக்கும் படம் பழகக் கருவெள்ளை மீன்கொத்தியைப்போல் நல்ல ஆசிரியர் கிடையாது. இரை தேடும்போது தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் இறக்கையடித்து நிற்கும். கழுத்தை நீட்டி உங்களையே பார்த்தாலோ எச்சமிட்டாலோ பறவை கிளம்பப் போகிறது. அங்கேயே நின்றுவிடுங்கள்.

ஏரி நிரம்பிய டிசம்பரில் பறவைகள் நடுத்தண்ணீரில் இருக்கும். கோடி போகும் (ஏரி நிரம்பிக் கலங்கல் வழியே வழியும்) நாட்களில் மட்டும், வழிந்தோடும் தண்ணீரில் மீன் பிடிக்கக் கொக்குகள் அங்கே கூடும். தண்ணீர் வற்றிக் கரையோரச் சேறு தெரியும் பிப்ரவரி, மார்ச்தான் உங்கள் 250க்கு ஏற்ற காலம். காவேரிப்பாக்கம் ஏரிக்கும் அப்போதே போங்கள். நிரம்பியிருக்கும்போது அந்தப் பரப்பில் 600கூட எட்டாது.

பறவை அமையாத நாளில் 18-55ஐ மாட்டுங்கள். 55இல் வைத்தால் 25 செ.மீ. வரை நெருங்கலாம். கரையோர எருக்கஞ்செடியில் வெந்தய வரியன் பட்டாம்பூச்சி முட்டையிடும், புழுவும் அங்கேயே இருக்கும். பனி காயும் முன் போனால் பூச்சிகள் உடல் சூடேறாமல் அசையாது உட்கார்ந்திருக்கும். லென்ஸை மாற்றும்போது கேமராவின் வாய் கீழே பார்த்திருக்கட்டும். ஆற்று மணல் பறக்கும் இடத்தில் மாற்றவே வேண்டாம். புல்லில் கண்ணாடிவிரியன் கிடக்கும், வெறும் செருப்போடு இறங்காதீர்கள், ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

அமிர்தி, ஜவ்வாது மலைப் பக்கம் காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும்.

இதையெல்லாம் ஒரு பருவம் செய்து பார்த்தும் எட்டவில்லை என்றால், அந்த லென்ஸை இரண்டு நாள் வாடகைக்கு எடுங்கள். ஏறக்குறைய இரண்டு கிலோ. கழுத்தில் மாட்டி ஏரியை ஒரு சுற்று வந்த பிறகு முடிவு செய்யலாம்.

மார்ச்சுக்குப் பிறகு வற்றிய ஏரியில் நடக்கையில் ஆட்காட்டிப் பறவை தலைக்கு மேல் சுற்றிக் கத்தினால், அதன் முட்டைகள் உங்கள் காலருகே இருக்கலாம். கூடு என்று எதுவும் இராது, வெறும் தரையில் கூழாங்கல் நிறத்தில் கிடக்கும். தாய் வயிற்றை நனைத்து வந்து அவற்றைக் குளிரவைக்கும். நீங்கள் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டை வெயிலில் வேகும். படமெடுக்காமல், வந்த அடிச்சுவட்டிலேயே தரையைப் பார்த்துத் திரும்பிவிடுங்கள்.