'ஹை பயாஸ்', '70', 'டால்பி'... கேசட் கவர்ல இருக்கறதுக்கு என்ன அர்த்தம்? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: அப்பா தவறி ரெண்டு வருஷம் ஆச்சு சார். பரண்ல இருந்த டிரங்குப் பெட்டிய இப்பதான் இறக்கினோம், உள்ள 38 கேசட். சிலதுல 'நார்மல் பயாஸ் 120'ன்னு இருக்கு, சிலதுல 'ஹை பயாஸ் 70', ரெண்டு மூணுல 'குரோம்'. மச்சான் ஒரு பழைய டெக் குடுத்திருக்கார், அதுலயும் நார்மல், குரோம், மெட்டல்னு சுவிட்ச் இருக்கு. எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தணும், எதுக்கு எத போடறது? (வாசகர், ஈரோடு)

பதில்: எதையும் டெக்ல போடறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. கேசட்டோட முதுகுப் பக்கம், ரெண்டு ஓரத்துலயும் குட்டியா ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும் பாருங்க, அந்த ரெண்டையும் உடைச்சு விட்டுடுங்க. அப்பறம் கை தவறி ரெக்கார்ட் பட்டன அமுக்கினாலும் அப்பா குரல் அழியாது. 38 கேசட்டுக்கும் இத முடிச்சிட்டு மத்தத பாருங்க.

இப்ப அந்த வார்த்தைகள். பிலிப்ஸ் கம்பெனி 1963-ல பெர்லின் கண்காட்சியில இந்தக் கேசட்ட காட்டினப்ப, லூ ஒட்டன்ஸ் தலைமையில அத செஞ்சவங்க பாட்டுக்குன்னு பெருசா நெனச்சு செய்யல, பேச்ச பதியறதுக்கு சட்டைப் பையில வைக்கற மாதிரி ஒண்ணு வேணும்னுதான் செஞ்சாங்க. டேப்போட அகலம் 4 மில்லிமீட்டர் கூட இல்ல, 3.81 தான், அதுக்குள்ள ஸ்டீரியோன்னா ரெண்டு சைடுக்கும் சேர்த்து நாலு தடம் ஓடணும், ஓடற வேகமும் ஒரு செகண்டுக்கு 4.76 சென்டிமீட்டர்தான், வீட்ல வெச்சிருந்த பெரிய ஸ்பூல் டேப்ல பாட்டுக்கு 19 சென்டிமீட்டர் ஓடும். இவ்வளவு ஒல்லியா, இவ்வளவு மெதுவா ஓடினா ரெண்டு கஷ்டம் வரும்: பின்னாடி உஸ்ஸுன்னு இரைச்சல், சலங்கை ஜால்ரா மாதிரி மெல்லிசு சத்தமெல்லாம் மழுங்கிப் போறது. கவர்ல நீங்க பார்க்கற பாதி வார்த்தைங்க இந்த ரெண்டு கஷ்டத்தோட போராடி வந்ததுதான், அத மனசுல வெச்சுக்கிட்டா எல்லாம் புரிஞ்சிடும்.

பயாஸ்ங்கறது ரெக்கார்ட் பண்றப்ப மட்டும் வர்ற விஷயம். நம்ம காதுக்கு எட்டாத ஒரு சிக்னல், கிட்டத்தட்ட 100 கிலோஹெர்ட்ஸ் வாக்குல, பாட்டோட சேர்த்து ஹெட்டுக்கு (டேப்ப உரசிக்கிட்டு பதியற, படிக்கற பாகம்) போகும், அது இல்லாட்டி டேப்புல இருக்கற காந்தத் துகள் பாட்ட ஒழுங்கா பிடிக்காது, கரகரன்னு இருக்கும். துகள் எவ்வளவு பிடிவாதமோ அவ்வளவு பயாஸ் குடுக்கணும். சாதாரண இரும்பு ஆக்சைடு டேப்புக்கு நார்மல், குரோமியம் டை ஆக்சைடு டேப்புக்கு அத விட கூட, அதான் 'ஹை பயாஸ்'. நீங்க இப்ப ஓட விடத்தான் போறீங்க, அதனால பயாஸ்ங்கற வார்த்தைய பத்தி கவலையே வேணாம்.

நீங்க பார்க்க வேண்டியது 120, 70 ங்கற நம்பர். அது மைக்ரோசெகண்ட் கணக்கு, ட்ரெபிள, அதாவது சலங்கை ஜால்ரா மாதிரி கீச்சு சத்தத்த, எந்த எடத்துல எவ்வளவு தூக்கணும், எறக்கணும்னு சொல்ற ஈக்வலைசேஷன். டைப் 1 அதாவது சாதா டேப்புக்கு 120, குரோமுக்கும் மெட்டலுக்கும் 70. 70-ல பதிஞ்ச டேப்ப 120-ல ஓட்டினா காத கீறற மாதிரி பளிச்சுன்னு கேக்கும், இரைச்சலும் கூடும், மாத்தி ஓட்டினா கம்பளிய போத்தின மாதிரி இருக்கும். டெக்ல இருக்கற அந்த சுவிட்ச், ஓட விடறப்ப செய்யற வேலை இது ஒண்ணுதான், குரோம்ல வெச்சாலும் மெட்டல்ல வெச்சாலும் ரெண்டுமே 70 தான்.

ஆனா கவர நம்பி மட்டும் போடாதீங்க, காத நம்புங்க. கடையில பாட்டோட விற்ற கேசட்டுங்கள்ல 'குரோம்'னு போட்டிருந்தாலும், சாதா டேப்ரெக்கார்டர்லயும் நல்லா பாடணும்னு 120-லயே பதிஞ்சு விட்டது நெறைய உண்டு. அதுவுமில்லாம அந்தக் காலத்துல வீட்ல இருந்த டேப்ரெக்கார்டர் முக்கால்வாசிக்கு குரோம் சுவிட்சே கெடையாது, அப்பா நல்ல டேப்பா வாங்கியிருந்தாலும் 120-ல தான் பதிஞ்சிருப்பார். சுவிட்ச ரெண்டு பக்கமும் தள்ளிப் பாருங்க, எதுல குரல் இயல்பா இருக்கோ அதான் சரி.

கேள்வி: என் கேசட்ல டால்பி அடையாளம் இருக்கு, டெக்லயும் டால்பி பட்டன் இருக்கு, போட்டா சத்தம் அமுங்கிடுது. போடணுமா வேணாமா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: டால்பிங்கறது டேப் இரைச்சல கொறைக்கற ஒரு முறை. அதுல டால்பி பி 1968-ல வந்தது, வேலை ரெண்டு பாதியா நடக்கும். பதியறப்ப மெல்லிசான ட்ரெபிள் சத்தத்த தூக்கிப் பதியும், ஓட்டறப்ப அதே அளவுக்கு எறக்கும், எறக்கறப்ப கூடவே டேப் இரைச்சலும் எறங்கிடும், சுமார் 10 டெசிபல். 1980-ல வந்த டால்பி சி 20 வரைக்கும் எறக்கும். முதல் பாதி நடந்திருந்தாத்தான் ரெண்டாவது பாதி போடணும், பி-ல பதிஞ்சத பி-ல, சி-ல பதிஞ்சத சி-ல. கம்பெனி பாட்டு கேசட்ல அந்த ரெட்டை 'டி' அடையாளம் இருந்தா பட்டன போடுங்க, வெறும் கேசட் வாங்கி வீட்ல பதிஞ்சதுன்னா பெரும்பாலும் டால்பி இருக்காது, போடாதீங்க. அடையாளம் இருந்தும் அமுங்குதுன்னா பட்டன் மேல தப்பு இல்ல, ஹெட் அழுக்கா இருக்கும் இல்லன்னா சாஞ்சிருக்கும், ட்ரெபிள் ஏற்கனவே கொறஞ்சு வந்தா டால்பி அத இன்னும் எறக்கிடும். பஞ்சுக் குச்சியில ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு ஹெட்ட துடைச்சிட்டு மறுபடி கேட்டுப் பாருங்க. இன்னொண்ணு, 'டால்பி எச்எக்ஸ் புரோ'ன்னு இருந்தா குழம்ப வேணாம், அது பேர்தான் டால்பி, இரைச்சல் கொறைக்கறது இல்ல, பதியறப்ப பயாஸ அப்பப்ப சரி பண்ற வேலை, ஓட்டறப்ப நீங்க எந்த பட்டனும் அமுக்க வேண்டியதில்ல.

கேள்வி: சி-60, சி-90, சி-120, எது நல்லது? (வாசகர், சிவகாசி)

பதில்: நம்பர் மொத்த நிமிஷம், பாதி பாதியா ரெண்டு சைடு. கேசட் டப்பா ஒரே அளவுதான, அதனால நீளம் கூடக் கூட டேப்ப மெல்லிசாக்கித்தான் உள்ள அடைக்கணும். சி-60 சுமார் 18 மைக்ரான், சி-90 சுமார் 12, சி-120 வெறும் 9. ரெக்கார்டிங் சென்டர்ல பேப்பர்ல பாட்டு லிஸ்ட் எழுதிக் குடுத்துட்டு ரெண்டு நாள் கழிச்சுப் போய் வாங்கினவங்களுக்கெல்லாம் தெரியும், சி-90 தான் கட்டுப்படியாகும். நான் எங்க அப்பத்தாவோட தாலாட்ட, ஒரே கேசட்ல எல்லாம் அடங்கட்டும்னு ஆசைப்பட்டு சி-120-ல பதிஞ்சேன். நாலு வருஷம் கழிச்சுப் போட்டப்ப டேப்ப அமுக்கி இழுக்கற ரப்பர் உருளை, பின்ச் ரோலர்ம்பாங்க, அதுல சுத்தி உள்ள இழுத்துக்கிச்சு, வெளிய எடுத்தப்ப அந்த எடம் கொசுவம் வெச்ச சேலை மாதிரி இருந்துச்சு, மூணு தாலாட்டுல ஒண்ணு போச்சு. உங்ககிட்ட சி-120-ல முக்கியமான குரல் எதாவது இருந்தா அதத்தான் முதல்ல கம்ப்யூட்டர்ல ஏத்தணும், ரீவைண்ட் பட்டன படார் படார்னு போடாம பென்சில்ல சுத்துங்க.

கேள்வி: 'மெட்டல்' கேசட் சீல் பிரிக்காதது ஒண்ணு ஆன்லைன்ல ரொம்ப விலைக்கு வருது. 'சூப்பர்', 'அல்ட்ரா டைனமிக்', 'டிஜிட்டலுக்கு ஏத்தது'ன்னெல்லாம் போட்டிருக்கறத பார்த்தா ஆசையா இருக்கு. வாங்கலாமா? (வாசகர், சேலம்)

பதில்: மெட்டல்ங்கறது நெசமான வார்த்தை. ஆக்சைடு ஆகாத சுத்த இரும்புத் துகள், 1979 வாக்குல 3எம் கம்பெனி முதல்ல கொண்டு வந்தது, டைப் 4. பதியறதுக்கு பயாஸும் ஜாஸ்தி வேணும், அழிக்கறதுக்கும் வலுவான ஹெட் வேணும், மெட்டல்னு சுவிட்சோ அடையாளமோ இல்லாத டெக்ல அந்தக் காசு வீண்தான்.

மத்ததெல்லாம் அந்தந்த கம்பெனி வெச்சுக்கிட்ட பேர். மேக்செல் யூடின்னா அல்ட்ரா டைனமிக், டிடிகே டின்னா டைனமிக், ரெண்டும் நல்ல டைப் 1 டேப், அவ்வளவுதான், டைனமிக்னு அளந்து பார்க்க எதுவும் கெடையாது. டிடிகே எஸ்ஏ-ல வர்ற 'அவிலின்' மட்டும் பேருக்குப் பின்னாடி ஒரு விஷயம் இருக்கு: குரோமியமே இல்லாம, இரும்பு ஆக்சைடுல கோபால்ட்ட சேர்த்து குரோம் எடத்துல ஓடற மாதிரி 1975-ல செஞ்சது. ஜப்பான் கம்பெனிங்க 'குரோம் பொசிஷன்', 'ஹை பொசிஷன்'னு போட்டதுக்குக் காரணம் அதான், உள்ள குரோம் இல்ல, சுவிட்ச் மட்டும் குரோம்ல வைக்கணும். 'டிஜிட்டலுக்கு ஏத்தது'ங்கறது சிடி வந்தப்பறம் ஒட்டின வார்த்தை, டேப்புல டிஜிட்டல்னு ஒண்ணும் இல்ல. 'லோ நாய்ஸ்' ஆரம்பத்துல நெசம், துகள பொடிசாக்கி இரைச்சல கொறைச்சாங்க, அப்பறம் எல்லாருமே அத போட்டுக்கிட்டாங்க.

கவர விட்டுட்டு கேசட்டோட முதுகப் பாருங்க. ரெக்கார்ட் மூடி பக்கத்துலயே இன்னொரு பள்ளம் இருந்தா குரோம் வகை, அதுகூட நடுவுலயும் ஒரு ஜோடி பள்ளம் இருந்தா மெட்டல். ஆட்டோமேட்டிக் டெக் விரல் விட்டுத் தடவிப் பார்க்கற மாதிரி இந்தப் பள்ளத்த வெச்சுத்தான் கண்டுபிடிக்கும். அதனால உடைச்ச மூடி மேல செல்லோடேப் ஒட்டி மறுபடி பதியறவங்க பக்கத்துப் பள்ளத்தையும் சேர்த்து மூடிடாதீங்க, டெக் அத சாதா டேப்புன்னு நெனச்சுக்கும்.

கேள்வி: பாட்டியோட குரல் இருக்கற ஒரே கேசட். ஓடுது, ஆனா தண்ணிக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு. போயிடுச்சா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: போகலம்மா, அனேகமா ஹெட் சாய்வுதான். அசிமத்னு சொல்வாங்க, ஹெட்ல இருக்கற மெல்லிய பிளவு டேப்புக்கு நேர் செங்குத்தா இருக்கணும், பாட்டி குரல பதிஞ்ச மெஷின்ல அது இத்தனூண்டு சாஞ்சிருந்தா உங்க மெஷினுக்கு அது மந்தமாத்தான் கேக்கும். முதல்ல கேசட்ட ஒரு தரம் முழுசா முன்னாடி ஓட்டி, பின்னாடி சுத்திடுங்க. அப்பறம் பிளே பண்றப்ப ஹெட் பக்கத்துல ஸ்பிரிங்கோட ஒரு சின்ன ஸ்குரூ தெரியும், இப்ப எந்தப் பக்கம் பார்த்து நிக்குதோ அங்க நகப்பாலிஷ்ல ஒரு புள்ளி வெச்சுக்கங்க. ஹெட்போன் மாட்டிக்கிட்டு, பாட்டி 'ச', 'ஸ' வர்ற வார்த்தை பேசற எடமா பார்த்து ஓட விட்டு, ஸ்குரூவ கால் சுத்துக்கும் கம்மியா மெதுவா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்புங்க. ஒரு எடத்துல திரை வெலகின மாதிரி அந்த 'ஸ' பளிச்சுன்னு வரும், பாட்டி மூச்சு இழுக்கறது கூட கேக்கும். அங்க நிறுத்திட்டு, டால்பி இல்லாம, வேவ் ஃபைலா ரெண்டு சைடையும் பதிஞ்சு முடிங்க, முடிச்சிட்டு ஸ்குரூவ மறுபடி அந்தப் புள்ளிக்கே கொண்டு வந்துடுங்க, உங்க மத்த கேசட்டுக்கெல்லாம் அதான் எடம்.