கேளுங்கள், சொல்கிறோம்: வீட்டுத் திரையில் பழைய ஹாலிவுட் இசைப்படங்கள்

பழைய ஹாலிவுட் இசைப்படங்களை டிவிடியிலும் ப்ளூ-ரேயிலும் தேடிச் சேர்க்கும் வாசகர்கள் நம்மிடையே இத்தனை பேர் இருப்பது கடிதக் கட்டைப் பார்த்ததும் தெரிந்தது. பெரும்பாலோர் கேட்பது ஒன்றுதான்: எந்தப் பதிப்பை வாங்குவது? பாட்டும் ஆட்டமுமான படத்துக்கு இரண்டு சோதனைகளை முதலில் செய்யுங்கள். பாட்டு அதன் சொந்தச் சுருதியில் ஒலிக்கிறதா? ஆடுகிறவரின் பாதம் திரைக்குள் இருக்கிறதா? அட்டைப்பெட்டியின் அழகை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

லண்டனிலிருந்து அக்கா அனுப்பிய இசைப்பட டிவிடியில் பாட்டெல்லாம் கொஞ்சம் கீச்சென்று கேட்கிறது. அதே பாட்டுகள் சிடியில் சரியாக இருக்கின்றன. பிளேயர் கோளாறா?
– வாசகி, செந்தூல்

பிளேயர் நன்றாகத்தான் இருக்கிறது. சினிமா வினாடிக்கு 24 படச்சட்டங்களாக எடுக்கப்பட்டது. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் விற்ற டிவிடிகள் பி.ஏ.எல். என்ற டிவி முறையைச் சேர்ந்தவை, அதில் வினாடிக்கு 25 சட்டம். அந்த ஒரு சட்ட வித்தியாசத்தைச் சரிக்கட்டப் படத்தையே 4 விழுக்காடு வேகமாக ஓட்டிப் பதிவு செய்தார்கள். 174 நிமிடம் ஓடும் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' இந்த முறையில் 167 நிமிடத்தில் முடிந்துவிடும். பேச்சுப் படமென்றால் யாரும் கவனிக்கமாட்டார்கள். பாட்டுப் படத்தில் சுருதியும் கூடவே ஏறிவிடுகிறது. அரைக் கட்டையில் (கறுப்பும் சேர்த்து ஆர்மோனியத்தின் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையிலான தூரம்) ஏறக்குறைய 70 விழுக்காடு.

வீட்டில் ஆர்மோனியம் இருந்தால் நீங்களே உறுதி செய்துகொள்ளலாம். சிடியில் ஒரு பாட்டின் ஆதார சுருதியைப் பிடித்துக்கொண்டு அதே இடத்தை டிவிடியில் போடுங்கள். சிடியோடு பொருந்திய கட்டை இப்போது தாழ்ந்து கேட்கும். அதற்கு அடுத்த கட்டையை அழுத்தினால் அது சற்றே ஏறி நிற்கும். பாட்டு இரண்டுக்கும் நடுவே தொங்கிக்கொண்டிருக்கும். சில நிறுவனங்கள் சுருதியை மட்டும் கணினியில் இறக்கிக் கொடுத்தன. அப்போதும் தாளம் ஓட்டமாகத்தான் இருக்கும்.

அமெரிக்காவின் டிவி முறையான என்.டி.எஸ்.சி.யில் வரும் டிவிடியில் இந்தச் சிக்கல் இல்லை. சில சட்டங்களைத் திரும்பக் காட்டி வேகத்தைச் சமன் செய்வதால், கேமரா நகரும்போது மெல்லிய அதிர்வு தெரியும். சுருதி கெடாது. ப்ளூ-ரேயில் படம் 24 சட்டமாகவே பதிவாகியிருக்கிறது. பிளேயர் அமைப்பில் '24பி' என்பதை இயக்கிவிடுங்கள். டிவிடியைக் கடையில் வாங்கும்போது பெட்டியின் பின்பக்கத்தில் ஓடும் நேரத்தைப் பாருங்கள். 103 நிமிடப் படத்துக்கு 99 என்று போட்டிருந்தால் பெரும்பாலும் விஷயம் இதுதான்.

1952-இல் வந்த 'சிங்கிங் இன் தி ரெய்ன்' பளிச்சென்று இருக்கிறது. அதற்குப் பிந்தைய சில வண்ணப் படங்கள் வெளுத்துக் கிடக்கின்றன. புதிய படம்தானே நன்றாக இருக்க வேண்டும்?
– வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு

அப்படித்தான் தோன்றும். ஆனால் 1930-களிலிருந்து 1950-களின் நடுப்பகுதி வரை டெக்னிகலர் கேமராவுக்குள் மூன்று கறுப்பு வெள்ளைச் சுருள்கள் ஒரே நேரத்தில் ஓடின. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் தனி நெகட்டிவ். கறுப்பு வெள்ளைச் சுருளில் இருப்பது வெள்ளி. அது சாயம்போல வெளுப்பதில்லை. 1950-இல் ஈஸ்ட்மன் வண்ண நெகட்டிவ் வந்தது. மூன்று நிறமும் ஒரே சுருளில் அடங்கியதால் கேமரா சிறிதானது, செலவும் குறைந்தது. ஆனால் அந்தச் சாயங்கள் காலப்போக்கில் மங்கின. அச்சுப் பிரதிகள் இளஞ்சிவப்பாகிப்போனது இதனால்தான். ஆக, 1939-இல் எடுத்த படத்தின் நிறத்தை முழுதாக மீட்க முடிவதும், 1960-களின் படத்துக்குப் போராட வேண்டியிருப்பதும் இயல்புதான்.

மூன்று சுருள் முறைக்கும் ஒரு குறை உண்டு. பல ஆண்டுகளில் மூன்றும் மூன்று அளவில் சுருங்கும். ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து அச்சிட்டால் விளிம்புகள் பொருந்தாது; உதட்டோரத்தில் சிவப்புக் கோடு, வெள்ளைச் சட்டையின் ஓரத்தில் பச்சைக் கோடு. பழைய விஎச்எஸ் டேப்பில் பார்த்த மங்கலுக்கு இதுவும் ஒரு காரணம். 2000-களின் தொடக்கத்தில் வார்னர் நிறுவனம் மூன்றையும் தனித்தனியே ஸ்கேன் செய்து கணினியில் பொருத்தும் முறையைக் கொண்டுவந்தது. நீங்கள் சொல்லும் படத்தின் மூல நெகட்டிவே தீயில் அழிந்துவிட்டது. நீங்கள் பார்ப்பது பாதுகாப்புப் பிரதிகளிலிருந்து மீட்டெடுத்தது. அப்படியும் அந்த மஞ்சள் மழைக்கோட்டு அவ்வளவு பளிச்சென்று இருக்கிறதென்றால், அது மீட்பாளர்களின் கைவண்ணம்.

அதனால் வாங்கும்போது படம் வந்த ஆண்டைவிட மீட்பு நடந்த ஆண்டு முக்கியம். 'மை ஃபேர் லேடி' ப்ளூ-ரே 2011-லும் வந்தது, புதிய மீட்போடு 2015-லும் வந்தது. அட்டை கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கலாம். வாங்க வேண்டியது 2015 பதிப்பு.

பழைய படங்களில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. ரிமோட்டில் 'ஜூம்' போட்டால் திரை நிறைகிறது. போடலாமா?
– வாசகர், பத்து கேவ்ஸ்

வேண்டாம், தயவுசெய்து போடாதீர்கள். 1953 வரை வந்த படங்களின் அகல உயர விகிதம் 1.37:1. உங்கள் டிவி 1.78:1. ஜூம் செய்தால் மேலும் கீழுமாகப் படத்தின் 23 விழுக்காடு வெளியே போகிறது. நடனக் காட்சியில் அந்தக் கீழ்ப்பகுதியில் இருப்பது பாதம்! நடன நட்சத்திரம் ஃப்ரெட் அஸ்டெர் தலை முதல் கால் வரை முழு உடலும் சட்டத்துக்குள் தெரிய வேண்டும், இடையில் வெட்டுகள் குறைவாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர். தட்டாட்டத்தின் (டேப் டான்ஸ்) ஓசை காதில் விழுகிறது, காலைக் காணோம் என்றால் என்ன பயன்? 'ஸ்ட்ரெச்' போட்டால் ஆடுகிறவர்கள் குட்டையாகிவிடுவார்கள்.

அகலத்திரைப் படங்களில் ஆபத்து எதிர்த்திசையில் வரும். 1954-இன் 'செவன் பிரைட்ஸ் ஃபார் செவன் பிரதர்ஸ்' 2.55:1 அகலத்தில் எடுத்தது. பழைய டிவிக்காகப் பக்கங்களை வெட்டிய டேப்பில் படத்தின் ஏறக்குறைய பாதிதான் தெரியும். களஞ்சியம் கட்டும் காட்சியில் பல ஜோடிகள் ஒரே நேரத்தில் ஆடுகிறார்கள், யாரை விடுவது? அட்டையில் 'ஃபுல் ஸ்கிரீன்' என்று அச்சிட்ட அகலத்திரைப் படத்தை இனாமாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.

டிவியில் 'மோஷன்' என்று தொடங்கும் அமைப்பு எதுவாயினும் அணைத்துவிடுங்கள். இல்லாத சட்டங்களை டிவி தானே கற்பித்து நடுவில் செருகும்; வேகமான சுழற்சியில் கையோரம் நீர்போலக் கலங்கும்.

'சவுத் பசிபிக்' படத்தில் பாட்டு வந்தால் திரை மஞ்சளாகவும் ஊதாவாகவும் மாறுகிறது. டிஸ்க் பழுதா?
– வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

இல்லை. இயக்குநர் ஜோஷுவா லோகன் படப்பிடிப்பிலேயே வண்ண வடிகட்டிகளை வைத்து எடுத்தார். பின்னாளில் அதற்காக வருந்தவும் செய்தார். டிவியின் நிற அமைப்பைத் தொடாதீர்கள்.

அமெரிக்காவிலிருந்து வரவழைக்க ஆசை. இங்கே ஓடுமா? வரி எவ்வளவு?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

ப்ளூ-ரே ஓடும். டிஸ்க் எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்பதை மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள்; மலேசியாவும் அமெரிக்காவும் ஒரே 'ஏ' மண்டலம். பிரிட்டன் 'பி' மண்டலம், இந்தியா 'சி' மண்டலம். அங்கிருந்து வாங்கினால் பின்பக்கத்தில் ஏ, பி, சி மூன்றும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 4கே டிஸ்க்குக்கு மண்டலப் பூட்டே கிடையாது, ஆனால் அதே பெட்டிக்குள் வைத்திருக்கும் ப்ளூ-ரேக்கு இருக்கலாம். டிவிடியில்தான் வம்பு: அமெரிக்கா 1, நாம் 3. எல்லா மண்டலமும் ஓட்டும் பிளேயர் இல்லாமல் அமெரிக்க டிவிடி வாங்காதீர்கள்.

500 ரிங்கிட்டுக்கு மேற்போகாத பொருளை வெளிநாட்டு இணையக் கடையில் வாங்கினால், 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. பதிவு செய்த கடைகள் பில்லிலேயே சேர்த்துவிடும். அதற்கு மேற்பட்டதைச் சுங்கத்தில் தனியே மதிப்பிடுவார்கள்.

உறவினர் அமெரிக்காவிலிருந்து பிளேயரையே கொண்டுவருகிறேன் என்றால், முதலில் அதன் அடிப்பக்கத் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 120 வோல்ட் மட்டும் எழுதியிருந்தால் நம் 240 வோல்ட் பிளக்கில் போட்டதும் புகைதான் வரும்.

அப்பா சேர்த்த விஎச்எஸ் டேப்புகளில் வெள்ளையாக ஏதோ பூத்திருக்கிறது. அவற்றில் டிவிடியாகக் கிடைக்காத இசைப்படங்களும் உண்டு. போட்டுப் பார்க்கலாமா?
– வாசகி, ஜாலான் ஈப்போ, கோலாலம்பூர்

இப்போது போடவே கூடாது. அது பூஞ்சணம். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் வளரும். நம் ஊரில் அது 80-ஐத் தாண்டுவது சாதாரணம். ஒரு டேப்பை ஓட்டினால் வித்துகள் டெக்கின் சுழல் தலையில் ஒட்டிக்கொண்டு அடுத்தடுத்த டேப்புகளுக்கும் பரவும். ஈரத்தில் ஒட்டிக்கொண்ட சுற்றுகள் பிய்ந்தும் போகும்.

முதலில் பூத்த டேப்புகளையும் நல்ல டேப்புகளையும் பிரியுங்கள். கேசட்டின் கண்ணாடிச் சன்னல் வழியாகச் சுருளின் மேற்பரப்பில் டார்ச் அடித்தால் தெரியும். கறுப்பாக மின்ன வேண்டிய இடத்தில் மாவு தூவியதுபோல இருக்கும். பூத்தவற்றை அட்டை உறையிலிருந்து எடுத்து (உறைதான் ஈரத்தின் வீடு, அதைக் கழித்துவிடுங்கள்) மூடி இறுகிய பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு இரண்டு வாரம் வையுங்கள். மணிகள் நிறம் மாறினால் மாற்றுங்கள். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் டிரை கேபினட் (ஈரம் நீக்கும் அலமாரி) கிடைத்தால் 40 விழுக்காடு ஈரப்பதத்தில் வைப்பது இன்னும் நல்லது. ஈரப் பூஞ்சணத்தைத் துடைத்தால் அப்பிக்கொள்ளும், காய்ந்தது உதிரும். இந்தக் காத்திருப்பைச் சுருக்காதீர்கள்.

பிறகு வீட்டுக்கு வெளியே, என்95 முகக்கவசமும் கையுறையும் அணிந்து வேலை செய்யுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இதைத் தொடவே வேண்டாம். கேசட்டின் அடியில் 5 திருகுகள். திறப்பதற்கு முன் டேப் எந்த உருளையைச் சுற்றிப் போகிறது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேசட்டின் பிளாஸ்டிக் கூட்டை 99 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். டேப்பின் மேல் ஆல்கஹாலோ தண்ணீரோ படக்கூடாது. நூல் உதிராத துணியை லேசாகப் பிடித்துக்கொண்டு முழு நீளத்தையும் மெதுவாகச் சுற்றி எடுங்கள், துணியின் இடத்தை அடிக்கடி மாற்றியபடி. இறுக்கிப் பிடித்தால் டேப் நீளும், படம் நெளியும். முதல் ஓட்டத்துக்கு, கெட்டுப்போனாலும் பரவாயில்லை என்ற பழைய டெக்கையே பயன்படுத்துங்கள். ஒவ்வொரு டேப்புக்குப் பிறகும் அதன் தலையைச் சுத்தம் செய்யுங்கள்.

கணினியில் ஏற்றும்போது படம் வெளிச்சமாகியும் இருண்டும் துடித்தால் அது பூஞ்சணத்தின் வேலையல்ல. கடையில் விற்ற ஒரிஜினல் டேப்பில் இருக்கும் நகல் தடுப்பு அது. அப்படிப்பட்ட படத்துக்கு டிஸ்க் வந்திருக்கிறதா என்று மறுபடி தேடுங்கள். 'ஆன்னி கெட் யுவர் கன்' உரிமைச் சிக்கலில் பல ஆண்டுகள் முடங்கி, 2000-இல்தான் வீடியோவாக வந்தது. நெடுநாள் கிடைக்காத படமும் வரும்.

2007-இல் வாங்கிய டிவிடி தொகுப்பு, கீறலே இல்லை. ஆனால் படம் பாதியில் திணறி நிற்கிறது.
– வாசகர், கெப்போங்

இப்படிப்பட்ட டிவிடியில் பெரும்பாலும் இரண்டு அடுக்குகள் உண்டு. முதலாவதை லேசர் உள்ளிருந்து விளிம்புக்கும், இரண்டாவதை விளிம்பிலிருந்து உள்ளேயும் படிக்கும். அடுக்கு மாறும் இடத்தில் நின்று, கடைசி அத்தியாயங்களும் திறக்கவில்லை என்றால் இரண்டாம் அடுக்கு கெட்டுப்போயிருக்கிறது. துடைத்துப் பயனில்லை, பழுது பிளாஸ்டிக்குக்குள் இருக்கிறது. 2006 முதல் 2008 வரை தயாரான தங்கள் டிவிடிகள் சிலவற்றில் பழுது உண்டென்று வார்னர் நிறுவனம் 2025-இல் ஒப்புக்கொண்டு, மாற்று டிஸ்க் தருவதாகவும், அந்தப் படம் கையிருப்பில் இல்லையென்றால் சம மதிப்புள்ள வேறொன்று தருவதாகவும் அறிவித்தது. உங்களுடையது அவர்களுடையதா என்று பாருங்கள். ஆம் என்றால் டிஸ்க்கின் உள்வளையக் குறியீட்டைப் படம் எடுத்து அந்த நிறுவனத்துக்கு எழுதுங்கள். அந்த ஆண்டுகளின் டிஸ்க்குகள் எல்லாவற்றையும் ஒருமுறை கடைசி அத்தியாயம் வரை ஓட்டிப் பார்ப்பது நல்லது.

லோரோங் கூலிட் சந்தையில் இசைப்பட விசிடிகள் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கலாமா?
– வாசகர், ஜார்ஜ்டவுன்

ஞாபகத்துக்கு வாங்கலாம், பார்ப்பதற்கு அல்ல. படத்தின் அளவே 352×288 புள்ளிகள். ஒரு டிஸ்க்கில் 74 நிமிடம்தான் அடங்கும். மூன்று மணிநேரப் படம் மூன்று துண்டு.

'ஓக்லஹோமா!' இரண்டு டிஸ்க்குகளில் இரண்டு முறை இருக்கிறது. வசனம் சொல்லும் விதம்கூட வேறாக இருக்கிறதே?
– வாசகி, செராஸ்

உங்கள் கண் கூர்மையானது. 1955-இல் அந்தப் படத்தை உண்மையிலேயே இரண்டு முறை எடுத்தார்கள். டாட்-ஏஓ என்ற அகலச் சுருளில் வினாடிக்கு 30 சட்டம். சாதாரணத் திரையரங்குகளால் அதை ஓட்ட முடியாது என்பதால் சினிமாஸ்கோப்பில் 24 சட்டமாக இன்னொரு முறை. நடிகர்கள் காட்சிக்குக் காட்சி மறுபடி நடித்தார்கள். முதலில் டாட்-ஏஓ டிஸ்க்கைப் போடுங்கள். சட்டங்கள் கூடுதலாக இருப்பதால் கால்வீச்சு தெளிவாகத் தெரியும். கனவு நடனக் காட்சியில் இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டினால் வித்தியாசம் உடனே பிடிபடும்.