கடலூரில் இலை உதிராது, துணிதான் காயாது

“இலையுதிர் காலத்தில் வீட்டில், குடும்பத்தோடு நீங்கள் ரசிக்கிற சின்னச் சின்ன விஷயங்கள் என்ன?” இதுதான் கேள்வி. படித்ததும், எட்டாவது படிக்கிற என் மகனிடம் “நம்ம ஊர்ல இலையுதிர் காலம் எப்போடா வரும்?” என்று கேட்டேன். செல்போனிலிருந்து தலையை எடுக்காமல் “சயின்ஸ் புக்ல” என்றான்.

அவன் சொன்னது சரிதான். கடலூரில் வேப்பமரம் இலை கொட்டுவது மாசி, பங்குனியில். எதிர்வீட்டுப் பாதாம் மரத்து இலை சிவந்து விழுவதும் பொங்கலுக்கு அப்புறம்தான். அக்டோபர், நவம்பரில் எல்லா மரமும் குளித்துவிட்டு வந்த மாதிரி பச்சைப்பசேல் என்று நிற்கும். பழைய தமிழ்க் கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்தது கூதிர்காலம். அந்தப் பெயரை இப்போது யாரும் சொல்வதில்லை. என் மாமியார் ‘அடமழைக் காலம்’ என்பார். நான் அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

வீடு மஞ்சக்குப்பம் பக்கம். நான், வீட்டுக்காரர், அத்தை (மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவேன்), புதுச்சேரியில் கல்லூரிக்குப் போய்வருகிற மகள், மேலே சொன்ன மகன், ஆக ஐந்து பேர். பழைய மாடி வீடு. ஹாலில் ஒரே ஓர் இடத்தில் ஒழுகும். எவ்வளவு பூசினாலும் அதே இடம்தான். அந்த இடத்துக்கென்று ஒரு வாளியே ஒதுக்கிவிட்டோம்.

எங்கள் வீட்டில் பருவம் மாறியதைக் காலண்டர் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. ஏதாவது ஒரு நாள் காலையில் அத்தை பின்கட்டுக் கதவைத் திறந்து நின்று, “வாடை திரும்பிடுச்சும்மா” என்பார். அவர் பிறந்த ஊர் பாகூர். ஏரிக்குத் தண்ணீர் வருமா, சம்பா நட்டது தேறுமா என்று காற்றைப் பார்த்தே பழகிய குடும்பம். எனக்கு அந்தக் காற்றில் பெரிய வித்தியாசம் தெரிந்ததில்லை. ஆனால் அன்று ராத்திரி ஃபேன் ஐந்திலிருந்து இரண்டுக்கு வந்துவிடும். பீரோ மேல்தட்டிலிருந்து போர்வைகள் பாச்சை உருண்டை வாசனையோடு இறங்கும். யாருக்கு எந்தப் போர்வை என்று ஒரு சண்டை நடக்கும். அந்தச் சண்டைதான் எனக்கு முதல் சந்தோஷம்.

புரட்டாசி முழுக்க எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. சனிக்கிழமைகளில் திருவந்திபுரம் போய் தேவநாத சுவாமியைச் சேவித்துவிட்டு வருவோம். ஐப்பசி பிறந்ததும் மீனுக்குப் பறப்பார்கள். ஊரே பறக்கும் என்பதால் விலையும் பறக்கும். அதோடு புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் போட்டுகள் கடலுக்குப் போகாது. அப்போதுதான் கருவாட்டு டப்பா வெளியே வரும். நெத்திலிக் கருவாட்டைத் தலை கிள்ளி, வெந்நீரில் இரண்டு தடவை அலசி, கத்தரிக்காயும் மொச்சையும் போட்டு, புளியைக் கொஞ்சம் தூக்கலாகக் கரைத்து மண்சட்டியில் வைக்க வேண்டும். மழைக்கு ஜன்னலை எல்லாம் சாத்தி வைத்திருப்போமா, வாசனை போக வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். மகள் பஸ்ஸில் ஏறினால் பக்கத்துச் சீட்டுக்காரி திரும்பிப் பார்க்கிறாளாம். புலம்பிக்கொண்டே இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொள்கிறாள். மறுநாள் காலை மிஞ்சிய குழம்புக்கு இட்லி. அதற்கு மேல் நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

அப்புறம் துணி. மழைக்காலத்தில் எங்கள் குடும்ப வாழ்க்கை பெரும்பாலும் ஈரத்துணிக்குக் கீழேதான் நடக்கிறது. ஹாலில் சுவருக்குச் சுவர் நைலான் கொடி இரண்டு கட்டியிருக்கிறோம். யூனிஃபார்ம் முன்வரிசை, துண்டுகள் நடுவரிசை, அத்தையின் புடவை நாலாய் மடித்துக் கடைசியில். சாக்ஸ் பிரிட்ஜுக்குப் பின்னால், அந்தச் சூட்டில். சாப்பிட உட்கார்ந்தால் யாரோ ஒருவரின் பேன்ட் கால் தலையைத் தடவும். மூன்றாம் நாள் துணியில் ஒரு முக்கல் நாற்றம் வரும். சாயங்காலம் அத்தை சாம்பிராணி போட்டு, கொடிக்குக் கீழே தூபக்காலை மெதுவாக நகர்த்திக்கொண்டே போவார். வெயில் காலத்தில் ஆளுக்கொரு அறையில் கிடக்கிறவர்கள், இந்த இரண்டு மாதம் மட்டும் அந்தப் புகைக்குள் ஒன்றாக உட்கார்ந்திருப்போம். பாசம் பொங்கி அல்ல, மற்ற அறைகளில் செல்போன் டவர் எடுப்பதில்லை.

மழைநாள் காலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டில் ஒரே கேள்விதான்: “கலெக்டர் லீவு விட்டாரா?” இதில் எங்கள் வீட்டுக்கு மட்டும் ஒரு சிக்கல். மகனுக்குக் கடலூர் கலெக்டர், மகளுக்குப் புதுச்சேரி அரசு. ஆல்பேட்டையில் தென்பெண்ணைப் பாலத்தைத் தாண்டினால் வேறு சட்டம். ஒரு நாள் இங்கே லீவு, அங்கே இல்லை. தம்பி போர்வைக்குள்ளிருந்து டாட்டா காட்ட, அக்கா குடையை விரித்துக்கொண்டு பஸ் ஏறினாள். கன்னியகோயில் தாண்டி, கிருமாம்பாக்கம் போவதற்குள் அங்கேயும் லீவு என்று செய்தி வந்துவிட்டது. இறங்கி, எதிர்ப்பக்கம் பஸ் பிடித்து, வழியில் சூடாகப் போண்டா வாங்கிக்கொண்டு தொப்பலாக வந்தாள். போண்டாவில் பாதியைத் தின்றவன் யார் என்று சொல்லத் தேவையில்லை. நவம்பர் 1 அன்று இதற்குப் பழிவாங்கிவிடுவாள். புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் கையிலிருந்து வந்தது 1954 நவம்பர் 1. அந்த விடுதலை நாள் விடுமுறை அவளுக்கு உண்டு, இவனுக்கு இல்லை.

தீபாவளிக்கு எங்கள் வீட்டில் நோன்பு உண்டு. நோன்பு எடுக்கிற வீடு, எடுக்காத வீடு என்று எங்கள் பக்கம் சம்பந்தம் பேசும்போதே விசாரிப்பார்கள். கேதார கௌரி நோன்புக்கு வெற்றிலை, பாக்கு, பழம், அதிரசம் எல்லாமே 21. நோன்புக் கயிறும் 21 இழை. மற்ற பலகாரத்தைக் கடையில் வாங்கிவிடலாம், அதிரசத்தை வாங்கக்கூடாது என்பது அத்தையின் சட்டம். பச்சரிசியை ஊறவைத்து நிழலில் உலர்த்தி, கைக்கு ஈரம் தெரியும்போதே இடித்துச் சலிக்க வேண்டும். அடமழையில் அரிசி உலருமா? ஹாலில் வேட்டி விரித்து, அதன்மேல் அரிசி, அதன்மேல் ஃபேன், அதற்கு மேல் அந்த ஈரத்துணிக் கொடி. ஒரு சொட்டு விழுந்தால் தொலைந்தோம். அந்த இரண்டு மணிநேரம் மகன் காவல்.

பாகுதான் முக்கியம். வெல்லப்பாகைத் துளி எடுத்துத் தண்ணீரில் விட்டால் கையில் உருட்ட வர வேண்டும். இளம்பாகாக இருந்தால் எண்ணெயில் போட்டதும் அதிரசம் பிரிந்து போய்விடும், முற்றினால் கல். இருபது வருஷமாக நான் கிளறுகிறேன், இன்னும் அத்தை பதம் பார்த்துச் சொன்னால்தான் அடுப்பை அணைக்கத் தைரியம் வருகிறது. போன வருஷம் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுப் படுத்திருந்தவர், கிண்ணத்தைத் தன் கையில் கொடுக்கச் சொல்லி விரலாலேயே உருட்டிப் பார்த்து, “இன்னும் ஒரு கொதி” என்றார். சரியாக வந்தது.

எல்லாமே இப்படி இனிப்பு என்று நினைக்க வேண்டாம். எங்கள் ஊரில் இந்தப் பருவத்தை ரசிக்கும்போதே ஒரு காது கடல் பக்கம்தான் இருக்கும். வீட்டுக்காரருக்கு முதுநகரில் கடை. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் அங்கிருந்து போன் வரும். ஒன்றாம் எண் என்றால் தூரத்தில் எங்கோ தாழ்வு மண்டலம். மெழுகுவத்தியும் பால் பவுடரும் வாங்கி வைப்பேன். மூன்று என்றால் மாடித் தொட்டியை நிரப்பி, எல்லாப் போனையும் சார்ஜ் போட்டுவிடுவோம். எட்டு, ஒன்பது, பத்து எல்லாம் பெரும் அபாயம். பதினொன்று வரைக்கும் உண்டு. வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அற்றுவிட்டது என்று அதற்கு அர்த்தம். எங்கள் வீட்டில் யாராவது கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தால் “பதினொண்ணு ஏத்தியாச்சு” என்போம்.

‘கார்த்திகைக்குப் பின் மழையில்லை, கர்ணனுக்குப் பின் கொடையில்லை’ என்று அத்தை அடிக்கடி சொல்வார். 2011-க்கு அப்புறம் சொல்வதில்லை. அந்த டிசம்பர் 30, நல்ல மார்கழி, விடியற்காலையில் தானே புயல் எங்களுக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. மகன் என் வயிற்றில் இருந்தான், மகளுக்கு ஐந்து வயது. கதவுக்கு முட்டுக்கொடுத்து வீட்டுக்காரர் முதுகைச் சாய்த்து நின்ற காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. பண்ருட்டிப் பக்கம் எங்கள் சொந்தக்காரர்களின் பலாவும் முந்திரியும் வேரோடு போயின. தாத்தா வைத்த மரத்தை மறுபடி எங்கே போய் வாங்குவது? எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர 12 நாள் ஆனது. அந்த 12 நாளும் அரிக்கேன் விளக்கைச் சுற்றி ஒரே அறையில் படுத்து, அத்தை சொன்ன பாகூர்க் கதைகளைக் கேட்டோம். எனக்கு அந்த ராத்திரிகள் ரொம்பப் பிடித்திருந்தன. மரத்தைப் பறிகொடுத்தவர்கள் முன்னால் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. இங்கே சொல்கிறேன்.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் அன்று புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ரெயின்போ நகரில் இருக்கிற நாத்தனார் வீட்டில் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர். வழி கிடைத்ததும் நாலு பேரும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மழை விட்டது, வெயிலும் அடித்தது, அப்பாடா என்று துணியை மாடியில் போட்டோம். அதற்கப்புறம்தான் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து சேர்ந்தது. எங்கள் ஊரின் கணக்கு அது: மேலே பெய்கிற மழை ஒன்று, மேற்கே எங்கோ பெய்து ஒரு நாள் கழித்து ஆற்றில் வருகிற மழை இன்னொன்று. ஆற்றோரக் குடியிருப்புகளில் வெள்ளம் புகுந்தது. எங்கள் தெருமுனையோடு தண்ணீர் நின்றுவிட்டது. தப்பித்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் ஒன்பது பேர், ஒரு பாத்ரூம், கொடியில் இடமே இல்லை. பிள்ளைகள் நாலு பேருக்கும் அது திருவிழா. நாத்தனார் மட்டும் ராத்திரி சமையல்கட்டில் என் பக்கத்தில் நின்று, நனைந்துபோன கல்யாண ஆல்பத்தை நினைத்து அழுதார். டீ போட்டுக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

கார்த்திகை தீபத்தோடு எங்கள் பருவம் முடிகிறது. அன்று சாயங்காலம் டி.வி.யில் திருவண்ணாமலை தீபம் ஏற்றியதைப் பார்த்த பிறகே எங்கள் அகல்கள் எரியும். பொரி உருண்டை எல்லா ஊரிலும் இருக்கும். மாவலி சுற்றுவது எல்லா ஊரிலும் இல்லை என்று நினைக்கிறேன், அதனால் சொல்கிறேன். ஆண்பனையின் பூவை வெட்டி, குழியில் போட்டுக் கொளுத்தி, மண்ணைத் தள்ளி மூடினால் கரியாகும். அதை இடித்துத் தூளாக்கி, பழைய வேட்டித் துணியில் நீளமாகச் சுருட்டிக் கட்டி, பிளந்த பனைமட்டைக்கு நடுவில் செருகி, கயிறு கட்ட வேண்டும். நெருப்பு வைத்துத் தலைக்கு மேலே சுற்றினால் பொறி வட்டமாகக் கொட்டும். மத்தாப்பூவில் அந்த வெளிச்சம் வராது. பாகூரிலிருந்து அத்தையின் தம்பி வருஷா வருஷம் பனம்பூ கொண்டுவருகிறார். பட்டாசுக்குக் கணக்குப் பார்க்கிற நான், இதற்கு ஒன்றும் சொல்வதில்லை.

இந்த வருஷம் தூறலிலேயே மகன் வாசலில் சுற்றினான். அத்தைக்கு முழங்கால் வலி, வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து “மாவலியோ மாவலி” என்று அவர்தான் குரல் கொடுத்தார். “ஆயா, தள்ளி உக்காரு, பொறி விழும்” என்று அவன் கத்திக்கொண்டே இருந்தான். ஆயா நகரவில்லை. பொறி அவர்மேல் விழவும் இல்லை. திண்ணைக் கொடியில் நாலாவது நாளாகத் தொங்கிக்கொண்டிருந்த என் மகளின் துப்பட்டாவில் போய் விழுந்தது. ஈரம் இருந்ததால் தீப்பிடிக்கவில்லை, மிளகளவு ஓர் ஓட்டையோடு போயிற்று. இதை எழுதும்போதும் அது கொடியில்தான் தொங்குகிறது. இன்னும் காயவில்லை.