மொச்சை விதையை ஊரிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்

தம்பி, பாலக்கோட்டிலிருந்து இங்கிலாந்தின் லெஸ்டருக்கு வந்து ஒரு குளிர்காலத்தைத் தாண்டிவிட்டீர்கள், காய்கறி போட கவுன்சில் வாடகைக்கு விடும் அலாட்மென்ட் நிலத்தில் பாதியும் கிடைத்துவிட்டது. சித்திரையில் அம்மா வரும்போது மொச்சை, கத்திரி, கீரை விதை எல்லாம் கொண்டுவரலாமா என்று கேட்கிறீர்கள். கூடவே டிரைவிங் லைசென்ஸ், கேஸ் பில், குழந்தையின் பள்ளி. அந்த மூன்றுக்கும் பதில் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் நிலத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் விதை. இந்தியாவிலிருந்து நடுவதற்கான விதையோ கன்றோ கொண்டுவர தாவரச் சுகாதாரச் சான்று வேண்டும். சேலைக்குள் கறிவேப்பிலைக் கன்றைச் சுருட்டிக் கொண்டுவந்ததைப் பெருமையாகச் சொல்லும் நம்மவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். அந்த இலையில் ஒட்டி வரும் பூச்சி எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களையே அழிக்கும் நோயைப் பரப்பக்கூடியது. விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்கள் செய்கிற வேலையா அது?

சட்டத்தை விடுங்கள், அந்த மொச்சை இங்கே காய்க்காது. நம்ம பக்கத்து மொச்சையும் அவரையும் பகல் குறையும்போதுதான் பூக்கும். ஜூனில் தருமபுரியில் பகல் 13 மணி நேரத்தைத் தாண்டாது, லெஸ்டரில் ஏறக்குறைய 17 மணி நேரம். கொடி ஆள் உயரத்துக்குத் தழைத்து நிற்கும், பூ மட்டும் வராது. செப்டம்பர் கடைசியில் பூவெடுக்கும், அக்டோபரில் உறைபனி வந்து கருக்கிவிடும். அம்மாவுக்கு மனசு கஷ்டமாக இருக்கும், ஆனாலும் சொல்லிவிடுங்கள். அதற்குப் பதிலாக ரன்னர் பீன்ஸ் போடுங்கள். சிவப்புப் பூ, மூங்கில் குச்சியில் ஏறும், ஜூலையிலிருந்து பறித்து மாளாது. பிஞ்சாகப் பறித்து தேங்காய் போட்டுப் பொரியல் செய்தால் எங்கள் வீட்டில் வேறு காய் கேட்பதில்லை.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பதை இங்கே மறந்துவிடுங்கள். ஆடி பிறக்கும்போது இங்கே பாதி வெள்ளாமை முடிந்திருக்கும். ஏப்ரலில் நாலு நாள் வெயில் அடித்ததும் எல்லோரும் நாற்றை வெளியே நடுவார்கள், நீங்கள் நடாதீர்கள். மே மூன்றாம் வாரம் வரைகூட இரவில் உறைபனி விழும். தக்காளி, மிளகாய், பூசணி எல்லாம் மார்ச், ஏப்ரலில் ஜன்னல் ஓரத்தில் நாற்று விட்டு, மே கடைசியில்தான் மண்ணுக்குப் போக வேண்டும். கத்திரிக்குக் கண்ணாடிக் கூண்டோ பாலித்தீன் கூடாரமோ இல்லாமல் ஆசைப்படாதீர்கள்.

தக்காளி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நான் ராயக்கோட்டைப் பக்கம், தக்காளி மண்டி வாசனையில் வளர்ந்தவன். இங்கே ஜூலை, ஆகஸ்டில் வெதுவெதுப்பான மழை தொடர்ந்து பெய்தால் லேட் பிளைட் வரும். 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சத்தைக் கொண்டுவந்த அதே நோய். இன்று இலையில் பழுப்புப் புள்ளி தெரிந்தால் அடுத்த வாரம் செடியே இருக்காது. வெளியில் நடுவதென்றால் கிரிம்சன் கிரஷ் மாதிரி எதிர்ப்பு உள்ள ரகம் வாங்குங்கள்.

அடுத்தது எரு. இதற்காகவே இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். குதிரை எரு இலவசம் என்று லாயக்காரர்கள் கொண்டுவந்து கொட்டுவார்கள். புல்வெளிக்கு அடிக்கும் அமினோபைரலிட் என்ற களைக்கொல்லி காய்ந்த புல் வழியாகக் குதிரை வயிற்றுக்குள் போய், எருவிலும் அப்படியே வெளியே வரும். எங்கள் வரிசையில் ஒரு லாயத்து எருவைப் போட்ட அத்தனை பேருக்கும் தக்காளியும் பீன்ஸும் உருளையும் இலை சுருண்டு, பெரணி மாதிரி திருகிப் போனது. கேட்டால் எங்களுக்குத் தெரியாது என்றார்கள், அவ்வளவுதான். எரு வந்ததும் கொஞ்சம் தொட்டியில் கலந்து நாலு பீன்ஸ் விதை போட்டுப் பாருங்கள். புது இலை நேராக வந்தால் மட்டும் நிலத்துக்குப் போடலாம்.

ருபார்ப் என்று ஒன்று பழைய நிலங்களில் தானாகவே இருக்கும். தண்டு புளிப்பு, மாங்காய் இல்லாத வீட்டில் பருப்பில் போட அருமையானது. இலையைக் கீரை என்று நினைத்து அம்மா கடைந்துவிடப் போகிறார், அது விஷம். வந்த அன்றே காட்டிச் சொல்லிவிடுங்கள்.

நான் வந்தது ஒரு ஜனவரியில். சுவரில் ஈரம் கசியும் ஒரே அறை, மாலை நாலு மணிக்கே இருட்டு, கடையில் கீரை விலையைப் பார்த்தால் வாங்க மனசு வராது. அடுத்த கோடையில் நிலம் கிடைத்தபோது பக்கத்து நிலத்து ஜமைக்காப் பெரியவர் ஒரு கட்டு தண்டுக்கீரையை நீட்டினார். அச்சு அசல் நம்ம ஊர்க் கீரை, அவர்களும் வெங்காயம் மிளகாய் போட்டு வதக்கித்தான் சாப்பிடுகிறார்கள். கலாலூ என்ற பெயரில் விதை இங்கேயே விற்கிறது, ஜூன் முதல் வாரம் தூவினால் ஆகஸ்ட் முழுக்கப் பறிக்கலாம். வெந்தயக்கீரை எப்படி என்று குஜராத்தி அம்மாக்களைக் கேளுங்கள், அவர்களைவிட யாருக்கும் தெரியாது. வங்காளதேசத்துக்காரர்கள் கூடாரத்துக்குள் சுரைக்காய் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்தால் அசந்துபோவீர்கள். நம்ம ஆட்கள்தான் நிலம் வாங்கி, கொட்டகை போட்டு, இரண்டு ஞாயிறு கறி சுட்டுவிட்டு ஜூலையில் காணாமல் போகிறார்கள். களை மண்டினால் நோட்டீஸ் வரும், நிலம் போகும், அதுவரை பல வருஷமாகக் காத்திருக்கிற ஒருவருக்கு நிலம் கிடைப்பது இன்னும் தள்ளிப்போகும். எனக்கு இது பெரிய வருத்தம்.

முழு நிலம் 250 சதுர மீட்டர், நம்ம கணக்கில் ஆறு சென்ட். உங்களுக்கு மூன்று சென்ட், வேலைக்குப் போகிற ஆளுக்கு அதுவே அதிகம். 1950ஆம் ஆண்டுச் சட்டப்படி கோழிகூட வளர்க்கலாம், வியாபாரத்துக்கு மட்டும் கூடாது. ஆனால் முதல் வருஷம் வேண்டாம்.

பூ வேண்டுமென்றால் துலுக்கச் சாமந்தி ஜூலையில் கொத்துக் கொத்தாக வரும். ரோஜாவுக்கு ஓசூருக்குக் குறையாத ஊர் இது. மல்லி மட்டும் தொட்டியில், வீட்டுக்குள். காவேரிப்பட்டணத்து மாங்கொட்டையை நட்டுப் பார்க்க நினைத்தால் வேண்டாம், அந்த இடத்தில் ராஸ்பெரி வையுங்கள், குழந்தை பறித்துச் சாப்பிடும்.

நிலத்தில் இப்போது என்ன களை இருக்கிறது என்று ஒரு படம் அனுப்புங்கள். வெள்ளை வேர்க் கொடி என்றால் மண்வெட்டியால் கொத்தாதீர்கள், துண்டுக்குத் துண்டு முளைக்கும். மண் கிளறும் பெரிய முள்கரண்டியால் கிளறி, வேரை முழுசாக உருவி எடுக்க வேண்டும்.